கூப்பிடு தூரத்தில் ஓர் அரக்கன்

ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தும் அலுவலகத்தில் அவளுக்கு 'மீட்டர் மேடம்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் அவளிடம் தேறாமல் போனவர்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்வாள். நிறுத்தியதும் இறங்கிப் போய், இடுப்பில் தொங்கும் டேப்பை இழுத்து, சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளப்பாள். மற்ற அதிகாரிகள் கண்ணளவில் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

"கண்ணு ஆளுக்கு ஆள் மாறும். டேப்பு மாறாது" என்பது அவள் பக்கத்து நியாயம்.

ஊர் இதைக் கடுமை என்றது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், இது வெறும் குடைச்சல் என்று. எதையாவது யாராவது அடித்துச் சொல்லிவிட்டால், அது அப்படித்தானா என்று பார்க்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. பெயிண்ட் டப்பாவில் 'இத்தனை சதுர அடிக்குப் போதும்' என்று போட்டிருந்ததைச் சோதிக்க, படுக்கையறைச் சுவரை அளந்து அந்த ஒரு டப்பாவை மட்டும் வாங்கி அடித்தாள். மூலையில் ஒரு போர்வை அகலத்துக்குப் பழைய சுவர் மிச்சம் நின்றது. அதைப் பல வருடம் அப்படியே விட்டுவைத்தாள், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

அவளுடைய கணவர் சோபாவுக்கு உறை தைப்பவர். வீட்டுக்குக் கீழேயே பட்டறை. ஆள் நல்ல உயரம், அகலம். குரல் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். பேசுகிற ஆளுமில்லை. வாயில் எப்போதும் நாலு ஆணி இருப்பதால் பேச முடிவதில்லை என்று அவருடைய தங்கை சொல்வாள். அந்தத் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்பவே நீளமாகிவிட்டன. மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் இருந்தார்கள். ஒருநாள் நாத்தனார் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே தடித்த விதிப்புத்தகம் ஒன்று, வண்ணவண்ணமாகப் பகடைகள்.

"இது என்ன, சின்னப் பிள்ளைங்க ஆட்டமா?" என்றாள் இவள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது அண்ணி. உட்காருங்க, சொல்றேன்."

கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார்: இருட்டுக் காடு, இடிந்த கோட்டை, உள்ளே ஏதோ உறுமல். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நிச்சயம் நடக்கும் என்றால் நடந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். குறைந்தது எவ்வளவு விழுந்தால் காரியம் ஆகும் என்பதைக் கதை நடத்துகிறவர் முன்கூட்டியே முடிவு செய்வார். சுலபமான வேலைக்குப் பத்து, கஷ்டமானதற்குப் பதினைந்து, ரொம்பக் கஷ்டம் என்றால் இருபது.

ஆள் தேவைப்பட்டதால் கீழ்த்தளத்தில் குடியிருந்தவரையும் கூப்பிட்டார்கள். பொது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் 'விசில்'. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற மனிதர், உட்கார்ந்த இடத்தில் காரியத்தை முடிக்கிற மந்திரவாதியாக இருக்க ஆசைப்பட்டார். சோபாக்காரர் யோசிக்கவே இல்லை. தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட மாவீரன் வேண்டும் என்றார். இவள் கூரை ஏறும் திருடியானாள்.

திருடி முதல் சுவரை ஏறும்போதே ஆட்டம் நின்றுபோனது.

"பதினஞ்சு விழணும்" என்றாள் நாத்தனார்.

"ஏன் பதினஞ்சு?"

"கஷ்டமான சுவர்."

"யார் சொன்னது கஷ்டம்னு? உயரம் எவ்வளவு? கல்லா, செங்கல்லா?"

"அண்ணி, நடத்துறவங்க சொல்றதுதான் கணக்கு. ஒரு குத்துமதிப்பா சொல்றதுதான்."

குத்துமதிப்பு என்ற சொல் அவளுக்குள் போய் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் விடவில்லை. புத்தகத்தில் ஒரு சுற்று என்பது ஆறு நொடி, அதற்குள் ஒரு வீரன் முப்பது அடி நடந்து வாளும் வீசலாம் என்று இருந்தது. உடனே டேப்பை எடுத்துக்கொண்டு நடைபாதையை அளந்தாள். கணவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து நடக்கச் சொன்னாள். அவர் எட்டி நடந்து, கடைசியில் துடைப்பத்தை வீசி, தொங்குவிளக்கின் கண்ணாடிக் குடையை உடைத்தார். நொடி மிச்சமே இருந்தது.

"புத்தகம் எழுதினவங்க நடந்து பார்த்துத்தான் எழுதியிருக்காங்க" என்று அவள் மரியாதையோடு ஒப்புக்கொண்டாள். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியது நாத்தனார்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் புத்தகம் அவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. போகிற ஊரிலெல்லாம் கடைகளில் கயிறு ஐம்பது அடிதான் இருந்தது. "ஏன், வெட்டித் தர மாட்டாங்களாமா?" என்று கேட்டாள். நாலு கத்திக்குத்து வாங்கின மாவீரன் ராத்திரி தூங்கி எழுந்ததும் முழுசாகக் குணமாகிவிட்டான். "இது எந்த ஊர் உடம்பு?" என்றாள்.

"அந்த ஊர்ல மருந்துக்கடை வச்சா நான் ஈ ஓட்டணும்" என்று நாத்தனாரும் முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சில வாரம் போனதும் சிரிப்புக் குறைந்தது. ஒருநாள் புத்தகத்தைப் பட்டென்று மூடி அண்ணி பக்கம் தள்ளினாள்.

"அடுத்த வாரத்திலேர்ந்து நீங்களே நடத்துங்க. நான் ஒரு குள்ளச்சியா வந்து நிம்மதியா கோடாலி வீசிட்டுப் போறேன்."

கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆனது அவளுக்கு. அந்த வாரம் முழுக்க, அலுவலகம் விட்டு வந்ததும் அதே வேலை. எடைகளையெல்லாம் கிலோவுக்கு மாற்றினாள், தூரங்களை மீட்டருக்கு. புத்தகத்தில் இல்லாத எடைகளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள்: போர்வை, தண்ணீர்ப் பாத்திரம், ரொட்டி, ஈரமான போர்வை. ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தூக்கினால் எத்தனை மணியில் களைப்பு, வெயிலில் எவ்வளவு, மழையில் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டாள். எந்தப் பொருள் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதையும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். கத்தி இடுப்பிலா, பையிலா? பை தோளிலா, முதுகிலா?

அவள் நடத்திய முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு கோவேறு கழுதைமேல் சாமான் ஏற்றுவதில் போனது. ஏற்றியதை இறக்கினார்கள். எடையைப் பிரித்து மறுபடி ஏற்றினார்கள். டீ இரண்டு தடவை வந்துபோனது. விளக்குப் போடும் நேரத்தில் விசில் மெல்லச் சொன்னார்:

"அக்கா, நாம இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவே இல்ல."

"அவசரப்பட்டா நடுக்காட்டுல தண்ணி இல்லாம நிக்கணும்."

"நிஜத்துல நான் இவ்வளவு யோசிச்சு எங்கயும் போனதில்லக்கா."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. குளத்தில் கூடுதல் வேலை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த வாரமும் கூடுதல் வேலைதான். பட்டறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மீதி மூவரும் ஒருவழியாகக் காட்டுக்குள் போனார்கள். மரம் செடிகளையெல்லாம் அழகாக வர்ணித்துக்கொண்டே வந்தவள், "முன்னூறு மீட்டர் தூரத்துல ஒரு அரக்கன் நிக்கிறான்" என்றாள்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"நெடுஞ்சாலையில பலகை வச்ச மாதிரி இருக்கு அண்ணி. முன்னூறு மீட்டரில் அரக்கன், இடதுபுறம் திரும்பவும்."

மாவீரன்கூட வாயில் ஆணி இல்லாத அந்த நேரத்தைப் பயன்படுத்திச் சிரித்தார்.

"வேற எப்படிச் சொல்றது?" என்றாள் அவள், முகம் கொஞ்சம் சுருங்கி.

"கூப்பிடு தூரம்னு சொல்லுங்களேன். கூப்பிடு தூரத்துல ஒரு அரக்கன். கேக்கும்போதே முதுகு சில்லுன்னு ஆகுதா இல்லையா?"

ஆனது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது. கூப்பிடு தூரம் என்றால் எவ்வளவு?

அலுவலகம் விடுமுறையாக இருந்த ஒருநாள் காலையில், காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கணவரைத் தேர்வுத் திடலுக்குக் கூட்டிப்போனாள். வண்டியை ஏற்றிக் காட்டும் ஏற்றத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, தான் பின்னால் நடந்துகொண்டே போய், "கூப்பிடுங்க" என்று கையைக் காட்டினாள். அவர் வாய் திறந்து மூடியது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கிட்டே வந்தாள், அப்போதும் கேட்கவில்லை. பார்க்கிங் கம்பங்கள் வரைக்கும் வந்த பிறகுதான், "ஏம்மா, போதுமா?" என்பது காற்றில் மிதந்து வந்தது.

ஓர் ஆளின் அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று விசில் வீட்டுக் கதவைத் தட்டினாள். சும்மா கத்திக் காட்டினால் போதும், கழுதையெல்லாம் இல்லை என்று உறுதி சொன்ன பிறகு அவர் வந்தார். ஊதலைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று, "அக்கா" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அவள் திடலின் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தெளிவாகக் கேட்டது. காவலாளியின் நாய் எழுந்து குரைத்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து, "என்னங்க?" என்றாள்.

அவள் டேப்பைச் சுருட்டாமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள். ஒரே சொல், ஒரே திடல்; கூப்பிடுகிற ஆள் மாறினால் தூரம் மூன்று மடங்காகிறது. முதலில் இது அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. இப்படி ஓர் அளவை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தச் சொல்ல முடியுமா? வீடு திரும்புகிற வழியில் கோபம் மெல்ல வேறு ஏதோவாக மாறியது. மாவீரன் ஆபத்தில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. மந்திரவாதி கூப்பிட்டால் காடே எழுந்துகொள்ளும், அரக்கனும் சேர்த்து. மீட்டரில் எழுதினால் இது தெரிய வராதே என்று தோன்றியது.

தன் தொண்டைக்கு இத்தனை மதிப்பு இருப்பது தெரிந்ததும் விசில் மறுபடி ஆட்டத்துக்கு வரத் தொடங்கினார். தூரமெல்லாம் கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம் என்றானது. எடை அட்டவணையை மட்டும் அவள் விடுவதாக இல்லை.

அந்த அட்டவணைதான் கணவரைக் கொன்றது.

கோட்டையிலிருந்து தப்பி ஓடிய ஒருவனைத் துரத்திக்கொண்டு அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்கள். "கலங்கலான ஆறு, வேகமா ஓடுது" என்றாள் அவள். ஓடியவன் அக்கரை ஏறிக்கொண்டிருந்தான். வழக்கமாக எல்லாரும் பேசி முடித்த பிறகு தலையாட்டுகிற சோபாக்காரர், அன்றைக்கு முதல் ஆளாக, "நான் இறங்குறேன்" என்றார்.

அவள் அட்டவணையைப் பார்த்தாள்.

"மூழ்கிட்டீங்க" என்றாள்.

அவர் பகடையைக் கையில் எடுத்திருந்தார். "எவ்வளவு விழணும்?"

"பகடை எதுக்கு? இருபத்தஞ்சு கிலோ இரும்பு. சந்தேகம் இருந்தாத்தானே உருட்டணும். இதுல என்ன சந்தேகம்?"

ஏறக்குறைய ஒரு வருடம் அந்த மாவீரனாக இருந்தவர் அவர். வாரம் முழுவதும் பேசாதவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாயால் பேசியிருந்தார். பகடையை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டு, டீ கிளாஸ்களைச் சேகரித்துக்கொண்டு கழுவப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், வேளைக்குச் சாப்பிட்டார், சாப்பிட்டதும் பட்டறைக்கு இறங்கிவிட்டார். தையல் இயந்திரம் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார்தான் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பண்ணது தப்பு."

"இரும்பைப் போட்டுட்டு ஆத்துல இறங்கினா மூழ்குவோம்னு உங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"ஆழம் எவ்வளவுன்னு சொன்னீங்களா?"

அவள் அன்று சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கலங்கல் என்று சொல்லியிருந்தாள், வேகம் என்று சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் அளந்தவள் ஆற்றின் ஆழத்தை யோசித்துப் பார்க்கவே இல்லை.

"ரோட்டுல பள்ளம் தோண்டிட்டு, பலகை வைக்காம, விழுந்தவனை ஃபெயில் பண்ணுவீங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் போனை வைத்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு பெண் தேர்வுக்கு வந்திருந்தாள், நடுவயது, ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தினமும் எல்லாரிடமும் சொல்வதைச் சொல்லத் தொடங்கினாள்: "முதல்ல ஏத்தம் வரும். பாதியில நிறுத்தி எடுக்கணும். வண்டி பின்னால உருண்டா தேறலை. அப்புறம் வளைவு. கம்பத்துல இடிச்சா..." இங்கே அவள் குரல் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரையும் அவள் இதைச் சொல்லாமல் வண்டியை எடுக்க விட்டதில்லை.

"மேடம்," என்றாள் அந்தப் பெண் பயந்துபோய், "நான் இன்னும் வண்டியே எடுக்கலையே."

"இல்லம்மா, உங்களைச் சொல்லலை. எடுங்க" என்றாள்.

அன்று மாலை கணவர் பட்டறையிலிருந்து மேலே வந்தார். இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தோலில் தைத்த கையில்லாத சட்டை, சோபாக்களில் மிஞ்சிய துண்டுகளால் ஆனது. பாதி பழுப்பு, பாதி பச்சை. முன்னும் பின்னும் வரிசையாகப் பைகள். ஒவ்வொரு பையிலும் பழைய சோபா ஸ்பிரிங்குகளும் இரும்புப் பட்டைகளும் அடைத்து வாய் தைத்திருந்தது. மெழுகு போட்ட நூல், இரட்டைத் தையல். பட்டறையில் இத்தனை நாள் ஓடிய வேலை இதுதான்.

"நீந்த முடியுமா முடியாதான்னு பார்த்துடலாம்" என்றார்.

அதைக் குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தாள். "மூணு கிலோ குறையுது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கீழே போய் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிங் கொண்டுவந்தார்.

விசில் முதலில் மறுத்தார். அவருக்குத் தெரிந்த எல்லா விபத்தும் 'சும்மா பார்க்கலாம்' என்றுதான் ஆரம்பித்திருக்கிறது என்றார். பிறகு யோசித்து நிபந்தனைகள் போட்டார். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். தானும் கூடவே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தான் சொன்னால் மறுபேச்சில்லாமல் இழுக்க வேண்டும். குளத்தைச் சுத்தம் செய்ய மூடியிருந்த ஒரு மத்தியானத்துக்கு, மேற்பார்வையாளரிடம் மீட்புப் பயிற்சி என்று சொல்லி அனுமதி வாங்கினார். முழுப் பொய்யும் இல்லை.

ஆளில்லாத குளம் வெளியே தெரிவதைவிடப் பெரிதாக இருந்தது. சொட்டுச் சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஆழமான பக்கத்தில் ஏணி. சோபாக்காரர் பழுப்பும் பச்சையுமான கவசத்தைப் போட்டு, மார்புக் கயிறுகளைத் தானே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். நாத்தனாரும் இவளும் கயிற்றைப் பிடித்தார்கள். இவள் கழுத்தில் நிறுத்துக்கடிகாரம் தொங்கியது. எத்தனை நொடியில் என்ன ஆகிறது என்று பார்க்கத்தானே வந்தது.

அவர் ஏணியின் கடைசிப் படியில் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

நீந்துகிற பேச்சே இல்லை. அரிசி மூட்டை விழுந்த மாதிரி நேராகப் போனார். தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்டது, கொஞ்சம் அலைந்தது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிட்டது. பழுப்பும் பச்சையுமாய் ஏதோ ஒன்று அடியில் கோணல்மாணலாக நெளிந்தது. விசில் அதை நோக்கிப் பாய்ந்தார். அவள் கையில் இருந்த கயிறு மெதுவாக நழுவிக்கொண்டே போனது. அது ஏன் நகர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் "அண்ணி, விசில் இன்னும் சொல்லலை" என்றது காதில் விழுந்தது. அதற்குள் இவள் முழுப் பலத்தோடு இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு பேருமாக இழுத்து, விசில் கீழிருந்து தள்ளி, ஏணிப்பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினார். மூக்கைத் துடைத்தார்.

"ஏன் இழுத்தீங்க? நடந்துட்டிருந்தேன்" என்றார்.

"என்னது?"

"நடந்துட்டிருந்தேன். ஆழம் குறையற பக்கமா."

விசில் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நெஜமாத்தான்க்கா" என்றார். "கடைக்குக் கிளம்பின மாதிரி நடந்தார். நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தேன்?" என்று கணவர் கேட்டார்.

அவள் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். முழுவதும் பூஜ்யமாக இருந்தது.

"அமுக்கலையா?"

"மறந்துட்டேன்" என்றாள்.

அவர் ஈரத்தோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் அளக்க மறந்து அவர் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் இருந்த பூட்டு அப்போது திறந்துகொண்டது. அவர் சொன்னது வேறு விஷயம்:

"இந்த முடிச்சை அவிழ்க்கலாம்னு உள்ள முயற்சி பண்ணேன். முடியலை. நான் போட்ட முடிச்சுதான், ஆனா விரலு சொன்ன பேச்சு கேக்கலை."

மேலே ஏறி உட்கார்ந்ததும் நாத்தனார் மருந்துக்கடைக் கத்தரிக்கோலால் கயிறுகளை வெட்டினாள். வெட்டிக்கொண்டே கேட்டாள்: "உன் ஆளுகிட்ட கத்தி இருந்துச்சே, அண்ணா. எங்க வச்சிருந்தே?"

அவர் யோசித்தார். "முதுகுப்பையில."

"அப்ப எடுத்திருக்க முடியாது."

"முடியாது" என்று ஒத்துக்கொண்டார். "ஆறு வேற ஓடுது. இது நிக்கிற தண்ணி. அவன் செத்துட்டான். நீ சொன்னது சரிதான்மா."

"எப்படிச் சரி?" என்றாள் இவள். "ஆழத்தை நான் சொல்லவே இல்லையே. இடுப்பளவுன்னா? நீங்க நடந்தீங்கல்ல, அவனும் நடந்திருப்பான். அவன் செத்தான்னு என்னால சொல்ல முடியாது."

"இரும்பு இருபத்தஞ்சு கிலோ."

"இருக்கட்டுமே."

இப்படியாக, செத்தவர் தான் செத்ததாகவும் கொன்றவள் அவர் பிழைத்திருப்பதாகவும் குளக்கரையில் உட்கார்ந்து வாதாடினார்கள். விசில் தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். "இப்ப சந்தேகம் வந்துடுச்சுல்லக்கா," என்றார், "உருட்டிடலாமே."

ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கணவர் பகடையைக் கையில் குலுக்கினார். "எவ்வளவு?"

அட்டவணை பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கயிறு கையில் நழுவிய அந்த நேரத்தை நினைத்துப் பார்த்தாள்.

"பதினெட்டு" என்றாள். "அங்க நின்னப்ப எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

பகடை மேஜை விளிம்புவரை உருண்டுபோய் நின்றது. நான்கு.

"சரி, போய்ச் சேர்ந்தான்" என்றார் சோபாக்காரர். அவர் குரலில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. "பாவம், நல்ல ஆளு." எல்லாரும் டீ குடித்தார்கள். இரண்டாவது டீக்கு முன்பே அவர் புது ஆளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். ஆற்றோரத்தில் பிறந்த ஒரு படகுக்காரன். கவசம் கிடையாது.

எடை அட்டவணை அதோடு போயிற்று. அதற்குப் பதிலாக அவள் மூன்றே மூன்று எடை வைத்துக்கொண்டாள்: சும்மா தூக்கலாம், முக்கித் தூக்கலாம், இழுத்துக்கொண்டுதான் போக முடியும். கழுதையை விற்றுவிட்டார்கள். கத்தி எங்கே இருக்கிறது என்ற விதியை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கவசத்தின் முன்பக்கத்தைப் பிரித்து அவர் ஒரு முக்காலிக்கு உறை போட்டார். அவள் நடத்தும்போது ஆபத்து வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவாள். "பாலம் பழசு. பலகை அழுகின வாடை வருது. ஒரு ஆள் தாங்கும், ரெண்டு பேர் போனா எனக்கு நம்பிக்கை இல்ல. என்ன பண்றீங்க?" என்பாள். ஆபத்தைச் சொல்லிவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்று பயந்திருந்தாள். நடந்தது வேறு. தெரிந்த பிறகுதான் அவர்கள் இருக்கை நுனிக்கு வந்தார்கள். சில பேர் தெரிந்தே பாலத்தில் ஏறினார்கள்.

அலுவலகத்தில் டேப் டேப்பாகவே இருந்தது. தேறாதவர்கள் தேறாமலே போனார்கள். அவர்கள் அவளைப் பற்றிச் சொன்னதும் மாறவில்லை. மகள் விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் நான்கு பெரியவர்கள் ஓர் இல்லாத பாலத்தின்மேல் யார் முதலில் போவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளையும் ஒரு வைத்தியச்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் கதையில் அவர்களுக்குக் குதிரைகள் கிடைத்தன. குதிரை ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று மகள் கேட்டாள். புத்தகத்தில் ஓர் எண் இருந்தது. அம்மா அந்த எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். வாழ்க்கையில் ஒரு குதிரையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஊருக்கு வெளியே சவாரி சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை கணவரோடு பஸ் பிடித்துப் போனாள். லாயக்காரர் ஒரு சாம்பல் நிறக் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகுங்க?" என்று கேட்டாள்.

லாயக்காரர் நிமிர்ந்து குதிரையைப் பார்த்தார். அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது போல இருந்தது அவர் பார்வை. "நேத்து வாசல் வரைக்கும் போச்சு" என்றார். "இன்னிக்கு அதுவும் போகலை."

குதிரை அவளைப் பொருட்படுத்தாமல் புல் தின்றது. கிட்டே போகலாமா என்று கேட்டாள். பக்கவாட்டில் வாங்க, பின்னால மட்டும் வராதீங்க என்றார் அவர். அவள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில், மெல்ல, கையை நீட்டிக்கொண்டு போனாள்.